யு.என்.எச்.சி.ஆர். குடும்பக் கூடாரம்: முகாமையே இழந்து வந்தவர்களுக்கு எவ்வளவு தாங்கும்?

2020 நவம்பரில் வட எத்தியோப்பியாவின் டிக்ரே மாநிலத்தில் போர் மூண்டபோது அங்கே எரித்திரிய அகதிகளுக்கு நான்கு முகாம்கள் இருந்தன. அவற்றில் ஹிட்சாட்ஸ், ஷிமெல்பா இரண்டும் அடுத்த சில மாதங்களில் அழிக்கப்பட்டன. மூன்றாவதான மை ஐனியில் 2022 ஜனவரி 5 அன்று நடந்த வான்தாக்குதலில் மூன்று அகதிகள் இறந்தார்கள். அதில் இருவர் குழந்தைகள். தப்பியவர்களுக்காக அம்ஹாரா மாநிலத்தில் டாபாட் ஊருக்கு அருகே அலெம்வாச் என்ற புதிய இடம் ஒதுக்கப்பட்டது. இப்படி இரண்டாம் முறை ஓடிவரும் குடும்பத்துக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் (யு.என்.எச்.சி.ஆர்.) அவசரத்தில் கொடுக்கும் முக்கியமான பொருள்களில் ஒன்றுதான் இந்தக் குடும்பக் கூடாரம்.

பொருள் நல்ல பொருள். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த கித்தான் துணி, உள்ளே தனியாக ஓர் அடுக்கு, தரைவிரிப்பு, நடுவில் 2.2 மீட்டர் உயரம். மொத்த எடை 55 கிலோ அளவில் இருப்பதால் லாரியிலிருந்து இறக்கி இரண்டு பேர் தூக்கிப் போகலாம். விவரம் தெரிந்த நாலு பேர் இருந்தால் சீக்கிரமே நிறுத்திவிடலாம்.

பிழைகள் பெரும்பாலும் கூடாரம் அடிப்பதில்தான் நடக்கின்றன. வெளித்துணியும் உள்துணியும் ஒன்றையொன்று தொடவே கூடாது. கயிறு தளர்ந்து இரண்டும் ஒட்டிக்கொண்டால், அந்த இடத்தில் மழைநீர் ஊறி உள்ளே சொட்டும். ‘டென்ட் ஒழுகுது’ என்று வரும் புகார்களில் துணி கிழிந்ததைவிட இந்தத் தளர்ச்சிதான் அதிகம். முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து முழுசாக இறக்க வேண்டும். கரிசல் மண்ணில் வெயில் காலத்தில் இரும்பு போல நிற்கும் முளை, முதல் கனமழையில் கையால் உருவினாலே வந்துவிடும். அங்கே நீளமான மரமுளையோ, கயிற்றின் மேல் ஏற்றிய கல்லோதான் காப்பாற்றும். கயிற்றில் வெள்ளைத் துணித்துண்டு கட்டிவிடுங்கள். இருட்டில் தடுக்கி விழுவது குழந்தைகள்தான்.

சுவரின் அடியில் தொங்கும் மண்மடிப்பை வெளியே விரித்து மண்ணால் மூட வேண்டும். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அதைப் பள்ளமான பக்கம் வடிகாலோடு இணைக்க வேண்டும். வாய்க்காலை மட்டும் வெட்டிவிட்டு வடிய வழி செய்யாமல் போனால், கூடாரத்தைச் சுற்றி அகழி வெட்டியதுதான் மிச்சம். 2009 ஆகஸ்ட் மழையில் வவுனியா மெனிக் ஃபாம் முகாமில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்ததை ஈழத்தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அலெம்வாச் பகுதியிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழைதான். வடிகால் வெட்டாமல் குடும்பங்களைக் குடியேற்றுவது அவர்களைச் சேற்றில் இறக்கிவிடுவதற்குச் சமம்.

அடுத்தது இடம். விளம்பரத் தாளில் 23 சதுர மீட்டர் என்று இருக்கும். அதில் இரண்டு முனைகளிலும் உள்ள முற்றங்கள் தலா 3.5. படுக்க ஆகும் நடுப்பகுதி 16 மட்டுமே. நிவாரணப் பணிக்கான பன்னாட்டுக் குறைந்தபட்ச அளவுகோலான ஸ்ஃபியர் தரம் கேட்பது சமையலிடம் நீங்கலாக ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். ஐந்து பேர் குடும்பத்துக்கு நடுப்பகுதியில் ஆளுக்கு 3.2தான் வருகிறது. ஆக, இதை நான்கு பேருக்கான கூடாரமாகக் கணக்கிடுவதே நியாயம். ஆறேழு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு கொடுங்கள். அறிமுகமில்லாத இரண்டு குடும்பங்களை ஒன்றில் அடைக்கவே அடைக்காதீர்கள்.

கூடாரங்களுக்கு நடுவே குறைந்தது 2 மீட்டர் வேண்டும், உயரத்தின் இரு மடங்கு விட்டால் நல்லது. 300 மீட்டருக்கு ஒரு முறை 30 மீட்டர் அகலத்தில் தீத்தடுப்பு வெளி. இடம் நெருக்கும்போது முதலில் காணாமல் போவது இந்த வெளிதான். அடுப்பு எப்போதும் வெளியே.

இந்தக் கூடாரத்தின் பெரிய குறை, பூட்டு இல்லாதது. ஒரு பிளேடு போதும், சுவரே வழியாகிவிடும். தனியாக வந்த பெண்களுக்கும், கூட ஆளில்லாத சிறுவர்களுக்கும் இது சின்ன விஷயமல்ல. ஐக்கியா அறக்கட்டளை ஆதரவில் உருவான பெட்டர் ஷெல்டர் வீடு இங்கே மேல்: 17.5 சதுர மீட்டர், கெட்டியான சுவர், பூட்டும் கதவு, சோலார் விளக்கு. ஆனால் எடை மூன்று மடங்கு, நாலு பேர் சேர்ந்தாலும் நிறுத்த அரை நாள் ஆகும். 2015இல் தீப்பிடிக்கும் அபாயத்தைக் காட்டி சூரிக் நகரம் அதை வேண்டாம் என்றது. பின்னர் வடிவமைப்பு மாறியிருக்கிறது. அவசரத்துக்குக் கூடாரம், அடுத்த சில மாதங்களில் தனித்த பெண்களுக்கு முதலில் இந்த வீடு என்று வரிசைப்படுத்துவதே சரி.

எந்தத் துணியும் துப்பாக்கியைத் தடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 மே மாதத் தொடக்கத்தில் அதே அம்ஹாராவின் அவ்லாலா முகாமிலிருந்து சுமார் ஆயிரம் சூடான் அகதிகள், கொள்ளைக்கும் ஆள்கடத்தலுக்கும் பயந்து வெளியேறிக் காட்டோரத்தில் தங்கினார்கள். கூடார எண்ணிக்கையை மட்டும் கணக்குக் காட்டும் திட்டம் அவர்களுக்கு எதுவும் செய்யவில்லை. இடம் தேர்வதற்கு முன்பே சண்டைக்களம் எவ்வளவு தூரம், இரவில் யார் காவல், வெளியேறச் சாலை உண்டா என்பதைக் கேட்க வேண்டும். அழிந்த முகாமோடு அடையாள அட்டையும் போயிருக்கும். வந்த முதல் நாட்களிலேயே பதிவைச் சரிபார்த்து மறுபடி அட்டை கொடுக்காவிட்டால், சோதனைச்சாவடியில் அவர்கள் யாரென்றே நிரூபிக்க முடியாது.

கூடாரத்தோடு வரும் சாமான்களில் 10 லிட்டர் மடக்கு கேன் சீக்கிரம் கைப்பிடியில் கிழியும். ஐந்து பேருக்கு ஆளுக்கு 15 லிட்டர் என்றால் நாளுக்கு 75 லிட்டர். ஒரே கேன் என்றால் குழாய்க்கு எட்டு நடை. குறைந்தது இரண்டு கொடுங்கள்.

கூடாரத்தின் ஆயுள் ஏறத்தாழ ஒரு வருடம். ஈரத்தோடு மடித்துக் கட்டினால் அதற்கு முன்பே பூஞ்சை தின்றுவிடும். பழைய டென்ட்களைச் சேகரித்து அனுப்ப நினைக்கும் சங்கங்கள், அதைப் பணமாகவே அகதிகள் ஆணையத்துக்குக் கொடுப்பது மேல். டாபாட் போல 2,500 மீட்டருக்கு மேலான இடத்துக்கு ஆர்டர் போடுபவர்கள், குளிர்காப்பு உறையையும் தடித்த போர்வைகளையும் அதே லாரியில் ஏற்றுங்கள். வெப்பமான தாழ்நிலத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்த மலையில் முதல் இரவே நடுக்கும்.