கிழட்டு உழவு மாடு: வைத்துக்கொள்வதா, விற்பதா?

தீனி
வைத்தால்: 300 கிலோ எடையுள்ள உம்பளச்சேரி (காவிரி டெல்டாவின் நாட்டு இனம்) மாட்டுக்குத் தினம் 6 முதல் 7 கிலோ வைக்கோல். பல் தேய்ந்திருந்தால் நறுக்கி, நனைத்துப் போட வேண்டும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, 21 நாள் காற்றுப் புகாமல் மூடினால் சத்து கூடும். யூரியாவை நேராகக் கொடுத்தால் மாடு செத்துவிடும்.
விற்றால்: செலவு மிச்சம்.

வரவு
வைத்தால்: 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியத்தோடு வெல்லம், பயறு மாவு, தண்ணீர் சேர்த்தால் ஒரு ஏக்கருக்கான ஜீவாமிர்தம் என்ற இயற்கை உரக் கரைசல்.
விற்றால்: எலும்பு தெரியுமுன் போனால்தான் விலை. சந்தையில் பெரும்பாலும் அடிமாடுதான்; தெரிந்தே விற்க வேண்டும்.

மழை
ஐப்பசி, கார்த்திகைச் சேற்றில் குளம்பு அழுகும். மேட்டில் கொட்டகை இல்லாதவர் புரட்டாசிக்குள் முடிவெடுக்கட்டும்.

சொந்த வைக்கோலும் இயற்கைச் சாகுபடியும் உள்ளவர் வைக்கலாம். கட்டு வைக்கோலை விலைக்கு வாங்குபவருக்குக் கட்டாது.