மலைநாட்டுப் பாதைக்கு யாரிஸ் குரொஸ்: இசட் கிரேட்டா, ஜி கிரேட்டா?

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும், ஐந்து வருடங்களாகச் சேமித்து வைத்திருந்த பணத்துடன் நாங்களும் ஒரு வாகனம் தேடத் தொடங்கினோம். தலவாக்கலையில் வீடு, நுவரெலியாவில் வேலை, அக்கரப்பத்தனையில் அம்மா. இந்த மூன்றுக்கும் நடுவே ஓடுவதற்கு டொயோட்டா யாரிஸ் குரொஸ் ஹைபிரிட் என்று முடிவு செய்வது எளிதாகவே இருந்தது. எந்தக் கிரேட் என்பதில்தான் இரண்டு மாதங்கள் கழிந்தன. ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு வாகனங்கள் எங்கள் முன் நின்றன: ஒன்று இரண்டு சில்லு இயக்கமுள்ள இசட், மற்றது நான்கு சில்லுகளும் இயங்கும் ஃபோர் வீல் ஜி. நாங்கள் ஜி கிரேட்டை எடுத்தோம்.

விற்பனை நிலையத்தில் ‘கிரேட்’ என்ற சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது. ஜப்பானில் ஏலத்தில் எடுத்து வரும் வாகனத்தின் ஏலத் தாளில் உள்ள 4.5, 5 என்பவை அந்த வாகனம் இருக்கும் நிலைக்கான மதிப்பெண்கள். எக்ஸ், ஜி, இசட் என்பவை தொழிற்சாலை வகுத்த தரங்கள். இந்த மூன்றுக்கும் 1490 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் பொதுவானது. 4180 மில்லிமீற்றர் நீளமும் 170 மில்லிமீற்றர் தரை இடைவெளியும் 5.3 மீற்றர் திருப்பு ஆரமும் அவ்வாறே பொதுவானவை. ஆகவே இசட்டுக்கு நாம் கொடுக்கும் மேலதிகப் பணம் எஞ்சினுக்கானதல்ல. சில்லுக்கும் ஆசனத்துக்கும் திரைக்கும் விளக்குக்குமே போகிறது.

அவற்றுள் சில்லைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். எக்ஸ், ஜி இரண்டிலும் 205/65 அளவு டயர் 16 அங்குல ரிம்மில் வருகிறது. இசட்டில் 215/50 அளவு டயர் 18 அங்குல அலோய் ரிம்மில் வருகிறது. பெரிய ரிம் என்றால் வாகனம் உயர்ந்து நிற்கும் என்று நம்புகிறவர்கள் பலர். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு சில்லுகளின் முழு விட்டமும் ஏறத்தாழ 672 மில்லிமீற்றர்தான். வேறுபடுவது ரிம்முக்கும் பாதைக்கும் இடையில் உள்ள இறப்பரின் உயரம்: ஜி கிரேட்டில் 133 மில்லிமீற்றர், இசட்டில் 107. குழியில் விழும்போது அடியைத் தாங்குவது அந்த இறப்பர் என்பதால், மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் ஓடுகிறவருக்கு இந்த 26 மில்லிமீற்றர் பெரிய விஷயம். இசட் வைத்திருக்கும் என் மச்சான், கொழுந்து லொறிக்கு வழிவிட ஒதுங்கியபோது கல்லில் உரசி டயரின் பக்கச்சுவரைக் கிழித்துக்கொண்டார். அந்த அளவு டயர் ஹட்டனில் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து வரும்வரை வாகனம் மூன்று நாட்கள் தோட்டத்திலேயே நின்றது. எங்களுடைய அளவைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு கடினமாக இல்லை.

அடுத்தது ஃபோர் வீல். எக்ஸ், ஜி, இசட் எதிலும் இதைப் பெறலாம். பின் சில்லுகளை ஒரு சிறிய மின்மோட்டார் சுழற்றுகிறது. அதன் வலு 5.3 குதிரைத்திறன் மட்டுமே. ஆற்றைக் கடக்கவோ சேற்றில் விளையாடவோ அது போதாது. ஆனால் ஏற்றத்தில் வாகனத்தின் பாரம் பின்னால் சாய்ந்து முன் சில்லுகளின் பிடி தளரும்போது, சரியாக அந்த நேரத்தில்தான் அது உதவுகிறது. அம்மாவின் வீட்டுக்குப் போகும் கொங்கிறீட் பாதையின் கடைசி வளைவு மழையில் பாசி பிடித்து வழுக்கும். முன்னைய காரை அங்கே நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை நனைய நனைய நடத்திக் கூட்டிச்சென்றது எனக்கு இன்னும் நெஞ்சில் இருக்கிறது. இப்போது வாகனம் ஒரு கணம் தயங்கி, பின் நிதானமாக ஏறி வாசலில் நிற்கிறது. தவிர, ஃபோர் வீல் வாகனத்தின் பின் சஸ்பென்ஷன் வேறு வகையானது. இருபுறச் சில்லுகளும் தனித்தனியே அசைவதால் பின் ஆசனத்தில் குலுக்கம் குறைவு என்பதை அம்மாவே சொன்னார்.

இசட்டின் அகன்ற திரை கவர்ச்சியானதுதான், ஆனால் அதனுள் இருப்பது ஜப்பான் வரைபடம். ஜப்பானுக்குரிய வானொலியின் பண்பலை எல்லையும் நம்முடையதைவிடத் தாழ்வானது என்பதால், அலைவரிசை மாற்றும் கருவி பொருத்தாமல் நமது நிலையங்கள் பலவற்றைக் கேட்க முடியாது.

விளக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. நாங்கள் பார்த்த எக்ஸ் வாகனங்களில் ஹலோஜன் விளக்கே இருந்தது. நானுஓயாவில் மாலை நான்கு மணிக்கே பனிமூட்டம் இறங்கும் நாட்களை நினைத்து அவற்றைத் தவிர்த்தோம். ஜி கிரேட்டில் எல்இடி முன்விளக்கு விருப்பத் தெரிவு என்பதால், அது பொருத்தப்பட்ட வாகனம் கிடைக்கும்வரை காத்திருந்தோம். பின் ஆசனத்தை 4:2:4 என்று மூன்றாகப் பிரித்து மடக்கும் வசதி ஜி கிரேட்டிலேயே உண்டு. நடுப் பகுதியை மட்டும் சாய்த்து மரக்கறிப் பெட்டியை நீட்டி வைக்கலாம். மூன்று பெரியவர்களுக்குப் பின் ஆசனம் இறுக்கம்தான். எந்தக் கிரேட்டும் அதை மாற்றாது.

வாங்கும் நாளில் இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்யுங்கள். ஹைபிரிட் வாகனத்தின் சேசிஸ் இலக்கம் எம்எக்ஸ்பிஜே 15 என்று தொடங்கினால் அது ஃபோர் வீல். எம்எக்ஸ்பிஜே 10 என்றால் இரண்டு சில்லு இயக்கம், பின் கதவில் எது ஒட்டியிருந்தாலும் சரி. பின்னர் டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே மேலதிகச் சில்லு இருக்காது. பஞ்சர் அடைக்கும் திரவமும் சிறிய காற்றுப் பம்பும் மட்டுமே இருக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவத்தால் பயனில்லை. நாங்கள் அதே அளவில் ஒரு சில்லை வாங்கி, அக்கரப்பத்தனைக்குப் போகும் நாட்களில் டிக்கியில் கட்டிக்கொண்டுதான் புறப்படுகிறோம்.