சாளரங்களுக்கு இடையே செய்தி தொலையும்போது: எந்த வழி எப்படித் தவறுகிறது?

ஒரு பக்கம் திறந்துவிட்ட இன்னொரு சாளரத்துடன் ஸ்கிரிப்ட் வழியாகப் பேச நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: ஓப்பனர் (தன்னைத் திறந்த சாளரத்தைச் சுட்டும் குறிப்பு) வழி நேரடி அணுகல், போஸ்ட்மெசேஜ் (இன்னொரு சாளரத்துக்குச் செய்தி அனுப்பும் கட்டளை), பிராட்காஸ்ட் சேனல் (ஒரே பெயரில் இணையும் சாளரங்களுக்கான பொதுத் தடம்), லோக்கல் ஸ்டோரேஜின் (உலாவியில் தளம் வைத்துக்கொள்ளும் சேமிப்பின்) மாற்ற நிகழ்வு. இவற்றின் வசதிகளைவிட, ஒவ்வொன்றும் தவறும்போது நமக்கு அது தெரிகிறதா என்பதே தேர்வுக்குச் சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

நேரடி அணுகலின் சிறப்பு, தவறினால் அது பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும் என்பதுதான். நெறிமுறை, டொமைன், போர்ட் ஆகிய மூன்றில் ஒன்றேனும் பொருந்தாத சாளரத்தின் ஆவணத்தைத் தொட்டால் உலாவி பாதுகாப்புப் பிழையை எறியும். ஓப்பனர் வெறுமையாக இருந்தால் அதுவும் கன்சோலில் (உலாவியில் பிழைகளைக் காட்டும் பலகத்தில்) பிழையாக வந்து நிற்கும். புதிய தாவலில் திறக்கும் இணைப்புகளுக்கு இன்றைய உலாவிகள் ஓப்பனரைத் தாமாகவே துண்டித்துவிடுவதால், பழைய நிரல் திடீரென வேலை செய்யாமல் போகும்போது முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுவே. குரோமில் இந்த மாற்றம் 2021இல், 88ஆம் பதிப்பில் வந்தது.

மேலே சொன்ன நெறிமுறை, டொமைன், போர்ட் மூன்றும் சேர்ந்ததே ஒரு பக்கத்தின் ஆரிஜின். போஸ்ட்மெசேஜ் இந்த ஆரிஜின் எல்லையைத் தாண்டிப் பேசும். ஆனால் அதன் தோல்விகள் பெரும்பாலும் அமைதியானவை. சாளரத்தைத் திறந்த அடுத்த வரியிலேயே செய்தி அனுப்பினால், அங்கே இன்னும் இருப்பது தாய்ப் பக்கத்தின் (சாளரத்தைத் திறந்த பக்கத்தின்) ஆரிஜினையே ஏற்றிருக்கும் வெற்று ஆவணம். இலக்கு ஆரிஜினைக் குறிப்பிட்டிருந்தால் அது பொருந்தாமல் செய்தி கைவிடப்படும். எந்த ஆரிஜினும் சரி என்று நட்சத்திரக் குறி இட்டிருந்தாலும் கேட்பதற்கு அங்கே ஆளில்லை. செட்டைம்அவுட் வைத்துக் குறித்த நேரம் காத்திருப்பது இதற்குத் தீர்வாகாது, ஏனெனில் மெதுவான இணைப்பில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். திறக்கப்பட்ட சாளரம் தன் கேட்பானை (செய்தியைப் பெறும் நிரலை) பதிவு செய்த பிறகு, "தயார்" என்று தாயிடம் முதலில் சொல்ல வேண்டும். அதன் பிறகே தாய் பேச வேண்டும். லோக்கல்ஹோஸ்ட் என்பதும் 127.0.0.1 என்பதும் வேறு வேறு ஆரிஜின்கள் என்பதை மறப்பதாலும் பல மணிநேரம் வீணாகிறது. இரு சாளரங்களின் கன்சோலையும் திறந்து வைத்துத் தேடுவது நல்லது. அனுப்பியவரின் ஆரிஜினைச் சோதிக்காமல் செய்தியை ஏற்பது பாதுகாப்பு ஓட்டை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிராட்காஸ்ட் சேனல் ஒரே ஆரிஜினுக்குள் மட்டுமே இயங்கும், ஆனால் அதற்கு ஓப்பனர் தேவையில்லை. இதன் அருமை உள்நுழைவுச் சாளரங்களில் தெரியும். இடையில் வரும் வெளித்தளம் கிராஸ் ஆரிஜின் ஓப்பனர் பாலிசி என்ற HTTP தலைப்பை (பக்கத்துடன் சேவையகம் அனுப்பும் குறிப்பை) சேம் ஆரிஜின் என்ற மதிப்புடன் அனுப்பினால் இரு சாளரங்களின் தொடர்பும் அறுந்துபோகும். பின்னர் நம் தளத்துக்கே திரும்பி வந்தாலும் ஓப்பனர் வெறுமையாகவே இருக்கும். தாய்ப் பக்கத்துக்கோ, திறந்திருக்கும் சாளரம் மூடப்பட்டதாகவே தெரியும். மூடப்பட்டதா என்று அடிக்கடி சோதிக்கும் நிரல், பயனர் விலகிவிட்டார் என்று தவறாக முடிவெடுப்பது இப்படித்தான். அப்போது திரும்பி வந்த பக்கம் முடிவைச் சேனலில் சொல்லிவிடலாம். சேனல் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் எந்தப் பிழையும் வராது என்பதால், அந்தப் பெயரை ஒரே மாறிலியாக வைத்துக்கொள்வது அவசியம். சஃபாரி இதை 2022இல், 15.4ஆம் பதிப்பில்தான் ஏற்றது.

லோக்கல் ஸ்டோரேஜ் நிகழ்வு அதைவிடப் பழைய உலாவிகளுக்கான மாற்று மட்டுமே. மதிப்பை எழுதிய சாளரத்தில் அது எழாது. அதே மதிப்பை மீண்டும் எழுதினால் எங்குமே எழாது.

ஆகவே, இரு ஆரிஜின்களுக்கு இடையே என்றால் "தயார்" முறையுடன் கூடிய போஸ்ட்மெசேஜையும், ஒரே ஆரிஜினுக்குள் என்றால் பிராட்காஸ்ட் சேனலையும் தேர்ந்தெடுப்பேன். நம் சொந்தப் பக்கமே அந்தப் பாலிசித் தலைப்பை அனுப்புகிறதென்றால், பாப்அப்களை அனுமதிக்கும் மதிப்புக்கு அதை மாற்ற முடியுமா என்பதை நிரலைத் தொடும் முன்பே சேவையக அமைப்பில் பார்த்துவிட வேண்டும்.