ஜன்னல் சீட்டுக்கு ஏடிஆர் 72-ஆ, ஏர்பஸ் ஏ320-ஆ?

சென்னையிலிருந்து ஒரே ஊருக்கு ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானமும் ஏ320 என்ற ஜெட் விமானமும் போனால் எதில் ஏறுவது?

காட்சி: ஏடிஆரில் இறக்கை தலைக்கு மேல், ஏரி, வயல், ஊர் எல்லாம் தடையின்றித் தெரியும். 25,000 அடிக்கு மேல் ஏறாது. நடு வரிசைகளில் உட்கார்ந்தால், இறங்கும்போது சக்கரம் விரிந்து தரையைத் தொடுவதையே பார்க்கலாம். செல்போனில் ஆறு இதழ் புரொப்பெல்லர் வளைந்து தெரிந்தால் பயப்படாதீர்கள். கேமரா சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வரும் கோளாறு.
ஏ320-இல் நடு வரிசைகளில் இறக்கை தரையை மறைக்கும். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தால் இறக்கையின் பின்விளிம்பில் நீளும் ஃபிளாப், மேலே எழும் ஸ்பாய்லர் தகடுகள் வேலை செய்வது தெரியும்.

சத்தம்: ஏடிஆரில் புரொப்பெல்லருக்கு நேரான முன்வரிசைகள் அதிரும், ஏறி இறங்கும் கதவு பின்னால்தான், அங்கே அமைதி. ஏ320-இல் தரையில் நாய் குரைப்பதுபோல் கேட்பது பிடியூ, அதாவது ஒரு ஹைட்ராலிக் அமைப்பின் சக்தியை இன்னொன்றுக்குக் கடத்தும் கருவி.

இருக்கை: ஏடிஆர் 2-2, நடு சீட்டே கிடையாது. ஏ320 3-3.

பெட்டி: ஏடிஆர் மேலடுக்கு சிறியது, கெட்டியான டிராலி நுழையாது.

வேகம்: மணிக்குச் சுமார் ஏடிஆர் 500 கி.மீ., ஏ320 830 கி.மீ.

படம் எடுக்க ஏடிஆர். அவசரமோ பெரிய பெட்டியோ இருந்தால் ஏ320.