பழைய கரண்டா, ஐ.எம்.ஆர்.டி.யா?

தொண்டைப் புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைத்து', அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்து முடித்தவர்களைப் பல வருடம் விடாமல் வாட்டுவது வாய் வறட்சி. என் பெரியப்பாவுக்குப் பழைய முறைதான். இட்லியைச் சாம்பாரில் ஊற வைத்தால்தான் இறங்கும். தலைமாட்டில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர். ராத்திரி நாலு தடவை எழுந்து நாக்கை நனைத்துக்கொள்வார்.

பழைய முறையில் கழுத்தின் இரு பக்கத்திலிருந்தும் கதிர் நேராகப் பாயும். காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சேர்ந்து அடி வாங்கும். ஐ.எம்.ஆர்.டி. என்ற புது முறையில் கதிரின் வீரியத்தைக் கோணத்துக்குக் கோணம் மாற்றி, சுரப்பிக்குச் சராசரியாக 26 கிரேக்கு (கிரே என்பது கதிர் அளவின் அலகு) மேல் போகாமல் பார்க்கிறார்கள். அந்த அளவுக்குள் நின்றால் சுரப்பி மெல்ல மெல்ல மீள வாய்ப்புண்டு.

பிரிட்டனில் 94 பேரிடம் நடந்து 2011இல் வெளிவந்த பார்ஸ்போர்ட் ஆய்வு, இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. ஒரு வருடம் கழித்து, சாப்பாட்டையே பாதிக்கும் அளவு வறட்சி பழைய முறையில் 74 சதவீதம் பேருக்கு, ஐ.எம்.ஆர்.டி.யில் 38. இரண்டாம் வருடம் 83, 29. நோய் கட்டுப்பட்டதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிகிச்சைக் காலச் சோர்வு மட்டும் புது முறையில் கூடுதல்.

வாய்ப்பிருந்தால் ஐ.எம்.ஆர்.டி.யையே கேளுங்கள் என்பேன். ஆனால் தாடை எலும்பு செத்துப்போகும் அபாயம் இரண்டிலும் உண்டு. ஆரம்பிக்கும் முன்பே பல் டாக்டரிடம் காட்டி, தேறாத பல்லை எடுத்துவிடுங்கள். அப்புறம் எத்தனை வருடம் கழித்துப் பல் பிடுங்கப் போனாலும், கரண்ட் வைத்ததை முதலில் சொல்லிவிடுங்கள்.