பிரேக் ஹோஸ் உரசலுக்கு ரப்பர் மாஸ்டிக் டேப்: ஒரு வருடம் ஓட்டிய பிறகு

போன ஆடி மாதம் கோத்தகிரி போய்விட்டு வந்து வாசலில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். இடது செயின்ஸ்டேயில் (பின்சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கம்பி), பின்பாகம் அசையும் மூட்டான மெயின் பிவட்டுக்கு நாலு விரல் பின்னால், காய்ந்த சேறு மாதிரி ஒரு கோடு. தேய்த்தேன், போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் நகம் பள்ளத்தில் மாட்டுகிறது. பெயின்ட் போய், அடியில் இருந்த பிரைமரும் போய், அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு நேர் மேலே பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் திரவம் ஓடும் குழாய். அதன் அடிப்பக்கமும் உருண்டை போய்த் தட்டையாகியிருந்தது.

சைக்கிள் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஃபுல் சஸ்பென்ஷன், 140 மி.மீ. டிராவல் (பின்சக்கரம் ஏறி இறங்கும் தூரம்), ஹோஸ் ஃப்ரேமுக்கு வெளியிலேயே ஓடும். வாங்கும்போது ஷாக் அப்சார்பரைப் பார்த்தேன், பேரிங்கை ஆட்டிப் பார்த்தேன், பல்சக்கரத்தில் பல் தேய்ந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். ஹோஸ் எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

பிளாஸ்டிக் ஹோஸ் எப்படி அலுமினியத்தை அறுக்கும் என்று எனக்கும் முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. அறுக்கிற வேலையைச் செய்வது இடையில் சிக்கும் மண். எஸ்டேட் பாதையின் செம்மண்ணும் பொடிக்கல்லும் ஈரத்தோடு ஹோஸுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டால் அது உப்புத்தாள்தான். சாதா சைக்கிளில் ஹோஸ் ஒரே இடத்தில் சும்மா கிடக்கும். ஃபுல் சஸ்பென்ஷனில் பின்பாகம் ஒவ்வொரு குழியிலும் பிவட்டைச் சுற்றி ஏறி இறங்குகிறது, ஹோஸும் கூடவே போய்வருகிறது. மூன்று மணி நேரம் இறக்கத்தில் வந்தால் எத்தனை முறை தேய்த்திருக்கும் என்று எண்ண முடியாது.

முதலில் செய்தது தப்பு. சைக்கிளுக்கென்றே விற்கிற ஒரு டிரான்ஸ்பரன்ட் ஸ்டிக்கர் கிட்டை ஆன்லைனில் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். படத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒட்டிய இரண்டாவது வாரம் ஊட்டி மழையில் ஓரங்கள் கிளம்பின, அடியில் மண் போனது. அப்புறம் அந்த மண்ணையும் சேர்த்து ஹோஸ் அழுத்தித் தேய்த்தது. ஸ்டிக்கரே இல்லாமல் விட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. கம்பெனி பெயர் வேண்டாம். நான் ஒட்டிய லட்சணமும் அப்படித்தான் இருந்தது.

நான் மில்லில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். கேபிள் ஜாயின்ட்டுக்கு மேல் தண்ணீர் போகாமல் சுற்றுகிற ரப்பர் மாஸ்டிக் டேப்பைப் பல வருடமாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது சைக்கிளுக்கு ஆகும் என்று தோன்றவே இல்லை. வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் செயின் அடிக்கிற இடத்தில் இதை ஒட்டுவார்கள் என்று கூட ஓட்டும் தம்பி ஒருவன் சொன்ன பிறகுதான் உறைத்தது. மில் சாமானைத் தொடக் கூடாது என்பதால் காந்திபுரத்தில் வழக்கமாக வாங்கும் எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன்.

"ஏனுங்ண்ணா, எத்தனை ரோல் போடட்டுங்?"

"ஒண்ணு போதுங். மில்லுக்கில்லைங், சைக்கிளுக்கு."

கடைக்காரர் ரோலை எடுத்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. 2 இன்ச் அகலம், 3 மீட்டர் நீளம், 1.65 மி.மீ. கனம். சாதா இன்சுலேஷன் டேப்பை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பி.வி.சி., இதில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும், ஒரு ரைடுக்குத் தாங்காது. இது பின்பக்கம் ரப்பர், முன்பக்கம் தார் மாதிரி பிசுபிசுக்கும் மாஸ்டிக். தோலை உரித்தவுடன் ஓரத்தை மடக்கிப் பாருங்கள், தன்மேல் தானே ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தால் சரியான சரக்கு.

டேப்பை உடனே ஒட்டிவிடவில்லை. ஸ்டிக்கரில் பட்ட அடி போதும். ஹோஸ் எங்கே, எவ்வளவு நகர்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஷாக்கில் இருந்த காற்றளவைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்துவிட்டுக் காற்றை மெதுவாக இறக்கினேன். மடமடவென்று இறக்கினால் சில ஷாக்குகள் உள்ளே இழுத்துக்கொண்டு மேலே வராது, நிதானமாகச் செய்யுங்கள். பாப்பாவின் ஒயிட்னரை எடுத்து ஒவ்வொரு கிளிப் ஓரத்திலும் ஹோஸ் மேல் ஒரு புள்ளி. பாப்பா சீட்டை அழுத்த, நான் கீழே படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன்.

"இன்னும் அழுத்தணுமாப்பா?"

"முட்டுற வரைக்கும் அழுத்து சாமி."

செயின்ஸ்டேயில் இருக்கும் கிளிப்பை ஒட்டி வைத்த வெள்ளைப் புள்ளி மெல்ல நகர்ந்து கிளிப்புக்குள் போய் மறைந்தது. கையை எடுத்ததும் திரும்ப வெளியே வந்தது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாது. அதே நேரத்தில் பிவட் பக்கம் ஹோஸ் வில் மாதிரி வளைந்து, பள்ளம் விழுந்த அதே இடத்தில் போய்ப் படுத்தது. பிவட்டை ஒட்டி இன்னொரு கிளிப் இருந்திருக்க வேண்டும். திருகு ஓட்டை மட்டும் இருக்கிறது, கிளிப் எங்கோ விழுந்துவிட்டது. ஃப்ரேமின் கீழ்ச்சாய்வுக் குழாயான டவுன்ட்யூபின் கடைசிக் கிளிப்புக்கும் செயின்ஸ்டேயின் நடுக் கிளிப்புக்கும் இடையில் ஒரு சாண் ஹோஸ் பிடிப்பில்லாமல் ஊஞ்சலாடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆக, நோய் பிடிப்பில் இருந்தது. பிவட்டுக்கு முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி, இரண்டும் பிவட்டை ஒட்டியே இருந்தால் நடுவில் இருக்கும் ஹோஸ் வளைந்து நிமிர்வதோடு சரி, முன்னும் பின்னும் ஓடாது. பழைய ட்யூபை வெட்டி ஒரு பட்டையாகச் சுற்றி, அதன்மேல் கேபிள் டை போட்டுப் பின்பக்கப் பிடியை உண்டாக்கினேன். ஹோஸ் நழுவாத அளவு இறுக்கம் போதும், நசுங்கக் கூடாது. வாலை ஒட்ட வெட்டுங்கள். நான் முதலில் அரைகுறையாக வெட்டி, கெண்டைக்காலில் பூனை பிறாண்டியது போல வாங்கிக்கொண்டேன். கூடுதலாகத் தொங்கிய ஹோஸை இரண்டு சென்டிமீட்டர் முன்பக்கம் இழுத்துக்கொண்டேன். ரொம்ப இழுத்தால் சஸ்பென்ஷன் முழுதாக வேலை செய்யும்போது ஹோஸ் விறைத்து, சக்கரத்தருகே பிரேக் பிடிக்கும் காலிப்பரில் போய் இழுக்கும். இழுத்த பிறகு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் டேப். பள்ளத்தில் வீட்டில் இருந்த நெயில் பாலிஷை இரண்டு கோட் வைத்தேன் (நிறத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்). காய்ந்ததும் சுற்றி இருந்த பெயின்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்தேன். சானிடைசரும் ஆல்கஹால்தானே என்று அதை ஊற்றாதீர்கள், அதில் கிளிசரின் இருக்கும், எதுவும் ஒட்டாது. டேப்பை ஹோஸ் படும் இடத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் கூடுதலாக வெட்டி, மூலைகளை உருட்டிவிட வேண்டும். கூர் மூலைதான் முதலில் கிளம்பும். இழுக்காமல் வைத்து, கொஞ்ச நேரம் வெயிலில் காட்டி, கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தினால் வளைவுக்குத் தகுந்தபடி அச்சு மாதிரி படிந்துவிடுகிறது. கிட் ஸ்டிக்கர் ஒட்டும்போது குமிழோடு பட்ட பாடு இதில் இல்லை.

ஒரு வருடம் ஆகிறது. அநேகமாக எல்லா ஞாயிறும் ஓட்டுகிறேன். டேப்பில் ஹோஸ் படுத்த தடம் லேசாகத் தெரிகிறது, கத்தி வைத்தது போன்ற வெட்டு எங்கும் இல்லை. ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. எதிர்பார்க்காத லாபம் ஒன்று உண்டு: வலது செயின்ஸ்டேயிலும் ஒட்டியதில் செயின் அடிக்கும் கடகடச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. பார்க்க அசிங்கம். என் சைக்கிள் நீலம், அதில் இந்தக் கருப்புப் பட்டை பஞ்சர் ஒட்டியது போல இருக்கிறது. சித்திரை வெயிலில் வெளியே நிறுத்தினால் ஓரத்தில் மாஸ்டிக் கசிந்து தூசியைப் பிடித்துக்கொள்கிறது. கனம் அதிகம் என்பதால் ஷாக்கோடு அசையும் ராக்கர் லிங்க்குக்கும் சீட்டைத் தாங்கும் சீட்ட்யூபுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் வைக்கவே முடியாது. அங்கே கார் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டும் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி ஒட்டினேன். ஹெலிகாப்டர் டேப் என்பார்களே, அந்தச் சாதிதான். ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கையை மணல் அரிக்காமல் காத்த பாலியூரித்தேன். அந்தக் கடைப் பையன் ஓரத்தைச் சூடு காட்டி மடித்த விதத்தைப் பார்த்த பிறகுதான் என் கிட் ஏன் கிளம்பியது என்று புரிந்தது. அவன் காசும் வாங்கவில்லை.

மாஸ்டிக்கைப் பிரிக்கும்போது கறுப்புப் பிசின் நிற்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் போகும், ஆனால் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காலிப்பரை மூடிவிட்டுச் செய்யுங்கள். ஒரு சொட்டு பிரேக் தட்டான ரோட்டரிலோ அதை அழுத்தும் பேடிலோ பட்டால் பிரேக் பிடிக்காது, கத்தவும் செய்யும்.

டேப் ஒட்டுவதற்கு முன் ஹோஸையும் பார்த்துவிடுங்கள். 5 மி.மீ. ஹோஸ்தான், ஆனால் மேலே ஒரு தோல், நடுவில் பின்னிய நூல், உள்ளே எண்ணெய் ஓடும் குழாய் என்று அடுக்கு உண்டு. மேல்தோல் வழவழப்பானது வரை பரவாயில்லை. நூல் பின்னல் கண்ணில் பட்டால் ஹோஸை மாற்ற வேண்டும், அதன்மேல் டேப் சுற்றி மலை இறங்காதீர்கள். ஷிமானோ கம்பெனி பிரேக் என்றால் உள்ளே மினரல் ஆயில். ஸ்ராமின் பல மாடல்களில் டாட் திரவம், கசிந்தால் அது பெயின்ட்டையும் தின்றுவிடும். கார்பன் ஃப்ரேமில் பள்ளம் கோட்டிங்கைத் தாண்டி நார் வரை போயிருந்தாலும் டேப்பை எடுக்காதீர்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்று, அந்தக் கருப்புக்குக் கழித்தது. 3 மீட்டரில் சைக்கிளுக்கு முக்கால் மீட்டர்கூட ஆகவில்லை. ஒரு துண்டை அந்தத் தம்பி வாங்கிக்கொண்டு போனான், இன்னொன்று வீட்டுக் கிணற்று மோட்டார் ஒயர் ஜாயின்ட்டில் இருக்கிறது.