சாவியைத் தேடுகிறேன், ஐயா: பத்து வருட ஜியோகேச்சிங்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2015-இல் தொடங்கி இதுவரை 640 சொச்சம் பெட்டிகளைக் கண்டுபிடித்திருக்கிறேன். தேடிப்போய் வெறுங்கையோடு திரும்பியது 190 தடவைக்கு மேல். அநேகமாக எல்லாம் சிங்கப்பூருக்குள்தான். வேலைக்கு வந்த ஊரில் சனி, ஞாயிறை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. மனைவியைக் கேட்டால் பைத்தியம் என்பாள். மகளுக்குப் பன்னிரண்டு வயதுவரை புதையல் வேட்டை, அதற்கப்புறம் “அப்பாவோட டப்பா வேலை”.

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். அந்த டப்பாவுக்குத்தான் கேச் என்று பெயர். நாம் ஜி.பி.எஸ்ஸைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வரவேண்டும். 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு ஜி.பி.எஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. சாதாரண ஆள் கையில் இருந்த கருவி நூறு மீட்டர் வரைக்கும் தப்பும். அந்தப் பிழையை நீக்கிய ஓரிரு நாளில், மே 3-ஆம் தேதி, டேவ் அல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்துவைத்தார். உள்ளே புத்தகம், பணம், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டின். அங்கே தொடங்கியதுதான் இவ்வளவும். இன்றைய விதிப்படி புதைக்கக் கூடாது, தின்பண்டமும் வைக்கக் கூடாது. முதல் கேச்சே விதிமீறல் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். புதிதாக வருகிறவர்கள் போன் காட்டும் அம்பு நேராக டப்பாவில் கொண்டுபோய் நிறுத்தும் என்று நம்புகிறார்கள். நானும் நம்பினேன். திறந்த வெளியில் நல்ல போன் நான்கைந்து மீட்டருக்குள் சொல்லிவிடும், உண்மைதான். ஆனால் சிங்கப்பூரில் திறந்த வெளி எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் இருபது மாடி வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக், எதிர்ப்பக்கம் இன்னொன்று. சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் போன் குழம்பிப்போய், நின்ற இடத்தில் நிற்கும் நம்மைச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கும். பூங்காவுக்குப் போனால் தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடித்து வானத்தை மறைத்துவிடும். இருபது மீட்டர் தப்புவது அங்கெல்லாம் சாதாரணம். இரும்புக் கைப்பிடி ஓரமாக நின்றால் திசைகாட்டியும் கெட்டுவிடும். போனைக் காற்றில் 8 போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நின்று 8 போடுகிறவனை ஊர் என்ன நினைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: பத்து மீட்டர் என்று காட்டியதும் போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். அதற்குமேல் கண்ணும் கையும்தான். ஒளித்தவன் இடத்தில் நான் இருந்தால் எங்கே வைத்திருப்பேன் என்று பார்க்க வேண்டும். எண்களைத் தட்டும்போதும் கவனம் தேவை. இங்கே பாகை, தசம நிமிடம் என்ற கணக்கில் எழுதுவார்கள். நிமிடத்தின் மூன்றாம் தசமத்தில் ஒன்று பிசகினால் இரண்டு மீட்டர்கூட இல்லை. இரண்டாம் தசமத்தில் பிசகினால் பதினெட்டரை மீட்டர். நான் ஒரு தடவை முதல் தசமத்தைப் பிசகாகத் தட்டிவிட்டு, வேறொரு புளோக்கின் தொட்டிச் செடிகளை ஒன்றுவிடாமல் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் பத்து வருடத்தில் என்னை அதிகம் படுத்தியது ஜி.பி.எஸ் இல்லை, பார்க்கும் கண்கள். சந்தேகத்துக்குரிய ஆளையோ பொருளையோ கண்டால் உடனே தெரிவியுங்கள் என்று எம்.ஆர்.டி. ரயில் நிலையங்களில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும் ஊர் இது. நாங்கள் செய்வதோ, கைப்பிடிச் சுவருக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு சின்ன உலோகக் குழாயை எடுத்துத் திறந்து மூடித் திரும்பச் செருகுவது. இதைவிடச் சந்தேகமாக ஒரு மனிதன் நடந்துகொள்ள முடியுமா? 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில் ஒருவர் கேச்சைக் கையாள்வதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தகவல் சொல்லிவிட்டார்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து டப்பாவைத் தகர்த்துவிட்டுப் போனார்கள். இங்கே எனக்கு அந்த அளவுக்குப் போனதில்லை. ஒரு வணிக வளாகக் காவலாளி வெளியே போகச் சொன்னார், ஒருமுறை இரண்டு போலீஸ்காரர்கள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, விளக்கிச் சொன்னதும் மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். அதோடு சரி. 2016 ஆகஸ்ட்டில் போக்கிமான் கோ என்ற போன் விளையாட்டு இங்கே வந்தது எங்களுக்குப் பெரிய உபகாரம். திடீரென்று ஊரே போனைப் பார்த்தபடி பூங்காவில் சுற்ற ஆரம்பித்தது, நாங்கள் கூட்டத்தோடு கூட்டமாகிவிட்டோம்.

விளையாட்டு தெரியாத வழிப்போக்கர்களுக்கு எங்கள் வட்டத்தில் ‘மகிள்’ என்று பெயர். மகிள் வந்து கேட்டால் சொல்லச் சுலபமான பொய், சாவி தொலைந்துவிட்டது என்பது. நானும் வருடக்கணக்காக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

ஒரு புளோக்கின் கீழ்த்தளம். கல் மேசை, கல் நாற்காலிகள். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் மூன்றாவது முறை குனிந்ததும் கேட்டார்.

“என்ன தம்பி தேடுறீங்க?”

“சாவிங்க ஐயா. இங்கதான் எங்கேயோ விழுந்திருக்கு.”

“வீட்டுச் சாவியா?”

“ஆமாங்க ஐயா.”

அவர் எழுந்துவிட்டார். கைத்தடியை மேசையில் சாய்த்துவைத்துவிட்டு, ஒவ்வொரு நாற்காலியாகக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். வேண்டாம் ஐயா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் கேட்கவில்லை. வீட்டுக்குள் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா, பூட்டு ஆசாரியைக் கூப்பிட்டால் எவ்வளவு கேட்பான் என்று பேசிக்கொண்டே தேடினார். இருபது நிமிடம். எனக்கு வியர்த்து வழிந்தது, வெயிலால் மட்டும் அல்ல. கடைசியில் மேசைக்கு அடியில் கையை விட்டவர், விரல் நுனி அளவு இருந்த காந்தக் குழாயைப் பிய்த்தெடுத்து என்னிடம் நீட்டினார். “இது என்ன தம்பி, ஒட்டிக்கிட்டு இருக்கு?”

எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதுக்கு உங்களுக்கு யாரு சம்பளம் தர்றாங்க?” யாரும் தருவதில்லை, நான்தான் ஜியோகேச்சிங் தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறேன் என்றதும் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து பொய் சொல்வதில்லை. டப்பா தேடுகிறேன், விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், மீதிப் பேர் கூடவே தேடுகிறார்கள்.

அந்த மாதிரி நுணுக்கக் குழாய்கள் எனக்குத் தனி எரிச்சல். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேச் வைக்கக் கூடாது, 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. நெருக்கமான ஊரில் பெரிய பெட்டி வைக்க மறைவிடமும் இல்லை, எனவே எல்லாரும் காந்தக் குழாய்க்குப் போய்விடுகிறார்கள். உள்ளே பீடி அளவுக்குச் சுருட்டிய காகித நாடா. அதை வெளியே எடுக்கச் சாமணம் வேண்டும், எழுத வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும், திரும்பச் சுருட்டி உள்ளே தள்ளுவதற்குப் பூர்வ ஜன்மப் புண்ணியம் வேண்டும். கொசு கடித்துக்கொண்டிருக்கும்போது செய்துபாருங்கள்.

கடியைப் பற்றிச் சொல்லும்போது: மரக்கிளையில் கை வைக்குமுன் முசுறு இருக்கிறதா என்று பாருங்கள். இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பக்கம் போனால் பிளாஸ்டிக் பையைக் கையில் எடுக்கவே வேண்டாம். பை சரசரத்தால் குரங்குக்கு அது சாப்பாட்டு மணி. நான் மாற்றுத் தாள் வைத்திருந்த ஜிப் பையை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போய், மரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக ருசி பார்த்துக் கீழே எறிந்தது.

இனி, ஈரம். இந்தப் பொழுதுபோக்கில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இதுதான். ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் நீங்கள் தேடிப்போவது ஒரு காகிதத்தை. பழைய பிலிம் ரோல் டப்பாவின் மூடி மழைக்கு நிற்காது. ஜிப் பை நாலு பேர் திறந்து மூடியதும் ஓட்டையாகும், அப்புறம் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே விடாது. செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டு வைப்பார்கள். இந்த ஊர்க் காற்றில் சில நாளில் அதுவும் ஊறி, ஈரப் பொட்டலமாக உள்ளே கிடக்கும். நான் பார்த்தவரையில் தாங்குவது இரண்டுதான்: நான்கு பக்கமும் கொக்கி போட்டு ரப்பர் வளையத்தோடு மூடும் சாப்பாட்டு டப்பா, ரப்பர் வளையம் இருக்கும் திருகுக் குழாய். வளையத்தில் ஒரு மண் துகள் ஒட்டினால் இவையும் போச்சு. நனைந்த தாளில் பேனா எழுதாது, பென்சில் எழுதும். முழுசாக வாங்க வேண்டாம், சின்னத் துண்டு பென்சில் போதும்.

தாளைவிட மோசமானது ஆளில்லாத டப்பா. சிங்கப்பூருக்கு இரண்டு வருட, மூன்று வருட ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் நிறைய. ஆர்வமாகப் பத்துப் பதினைந்து டப்பா வைப்பார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள். டப்பா இங்கேயே கிடக்கும். மூடி போய், தாள் கூழாகி, கடைசியில் துப்புரவுப் பணியாளர் பெருக்கித் தள்ளிவிடுவார். பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கும். போய்த் தேடிக் கிடைக்காதவர்களில் பலர் கிடைக்கவில்லை என்று பதிவுசெய்ய வெட்கப்படுகிறார்கள், அதனால் அடுத்தவனும் போய் ஏமாறுகிறான். தயவுசெய்து பதிவுசெய்யுங்கள், இதில் அவமானம் ஒன்றும் இல்லை. இன்னொரு கூட்டம் இருக்கிறது: தேடிக் கிடைக்காவிட்டால் தானே ஒரு டப்பாவைப் போட்டு, அதில் பெயரெழுதி, கண்டுபிடித்ததாகக் கணக்குக் காட்டும். பிறகு அசல் ஒரு பக்கம், போலி ஒரு பக்கம். இதைச் செய்கிறவர்களோடு நான் பேசுவதில்லை.

நானும் 2018-இல் ஒன்று வைத்தேன். 2011 ஜூன் 30 வரை மலாயா ரயில் ஓடி, இப்போது நடைபாதையாக இருக்கும் தடத்தின் ஓரத்தில். தளத்தின் தன்னார்வலர்கள் சரிபார்த்துத்தான் வெளியிடுவார்கள். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், 161 மீட்டருக்குள் வேறொன்று இருக்கிறது என்று. வரைபடத்தில் எதுவுமே இல்லை! விசாரித்தால், அது ஒரு புதிர் கேச்சின் உண்மையான இடம். புதிர் வகையில் காட்டும் புள்ளி ஓரிடம், டப்பா இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வேறெங்கோ. நம் கண்ணுக்குத் தெரியாது, விதி மட்டும் நம்மைப் பிடிக்கும். மூன்றாவது முறைதான் இடம் கிடைத்தது. எரிச்சலில் என்னுடையதையும் புதிராக்கிவிட்டேன்: இட எண்கள் எல்லாவற்றையும் தமிழ் எண்களில் எழுதி வைத்தேன். ௧, ௨, ௩ என்று. தமிழர்கள் சட்டென்று அவிழ்த்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். முதலில் கண்டுபிடித்தவர் ஒரு ஜெர்மன் சுற்றுலாப் பயணி, இரண்டே நாளில். என் தமிழ் நண்பர்கள் மூன்று பேர் இன்னும் ௪-க்கும் ௬-க்கும் முழித்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் நான் அநியாயம் செய்கிறேனாம்.

செலவு பெரிதில்லை. இலவசக் கணக்கில் அதிகாரபூர்வச் செயலி சுலபமானவற்றை மட்டும் திறந்துகாட்டும். ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் சி:ஜியோ என்ற இலவசச் செயலியில் தொடங்கிப் பாருங்கள், பிடித்தால் சந்தா கட்டலாம். தனி ஜி.பி.எஸ் கருவி நான் வாங்கி, இரண்டு வருடம் வைத்திருந்து, விற்றுவிட்டேன். மழையில் தொடுதிரை வேலை செய்யாமல் போகும்போது மட்டும் அதன் பொத்தான்கள் நினைவுக்கு வரும். பவர்பேங்க் கட்டாயம். ஒவ்வொரு கேச்சுக்கும் கடினம் (கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம்), தரை (போய்ச்சேருவது எவ்வளவு சிரமம்) என்று இரண்டையும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பிட்டிருப்பார்கள். தரை ஒன்று என்றால் சக்கர நாற்காலியில் போகலாம் என்று பொருள். குழந்தைகளோடு போகிறவர்கள் இரண்டைத் தாண்ட வேண்டாம். சாங்கியிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் படகில் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள், பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும்.

நேற்று இரவு என் டப்பாவுக்கு ஒரு பதிவு வந்திருக்கிறது. பிரேசிலிலிருந்து வந்த ஒரு தம்பதி. கண்டுபிடித்துவிட்டார்கள், தாள் நனைந்திருக்கிறது என்று எழுதி, பிழிந்து காயவைத்த படத்தையும் போட்டிருக்கிறார்கள். ரப்பர் வளையம் போயிருக்கும். புது வளையம், புதுத் தாள், பென்சில் துண்டு எல்லாம் பையில் எடுத்து வைத்தாயிற்று. நாளைக் காலை மழை இல்லாவிட்டால் ஆறரை மணிக்குப் போகவேண்டும், ஏழு மணிக்குமேல் அங்கே ஓட்டக்காரர்கள் வந்துவிடுவார்கள்.